பகிடி பழகிய ஊர்

பெரியோர்களே, தம்பி தங்கையரே,

சிங்கள மக்களிடம் அந்தரே என்ற அரசவை விகடகவியைப் பற்றிய கதைகள் பல உண்டு. பாயில் காயவைத்த சீனியை மணல் என்று சொல்லி அரசர் அவரை ஏய்க்கப் பார்க்கிறார். சற்று நேரத்தில் அந்தரே, மனைவி இறந்துவிட்டாள், இனி என் வாயில் மண்தான் என்று கதறிக்கொண்டு ஓடிவந்து அந்த 'மண்ணை' அள்ளி அள்ளி வாயில் போடுகிறார். குடிமகன் அரசனைப் பார்த்துச் சிரிக்கிற கதை இது.

யாழ்ப்பாணத்தில் நாம் அப்படி யாரையும் கொண்டாடவில்லை. 1619இல் அரசு போர்த்துக்கேயரின் கைக்குப் போன பிறகு, கேலி செய்வதற்கு நமக்கென்று ஓர் அரசனும் இருக்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டோம். வரலாற்றுப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். இது என் ஊகம்தான்.

நம் பட்டப்பெயர்களைப் பாருங்கள். ஒருவர் என்றோ ஒருநாள் மினுங்கும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்கு மீன் வாங்கப் போயிருப்பார். அன்றோடு அவர் 'சப்பாத்தர்'. மகன் சப்பாத்தரின் மகன். பேரன் கனடாவில் பிறந்தாலும் சப்பாத்தரின் பேரன். ஒழுங்கை முனையில் நின்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பவுசு காட்டியவருக்கு ஊர் விதித்த தண்டம் அது. மூன்று தலைமுறையானாலும் கட்டி முடியாது.

சிவஞானசுந்தரம் என்ற 'சுந்தர்' நடத்திய 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழ் இந்தச் சுபாவத்தைப் பிடித்து அச்சில் ஏற்றியது. 'செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்' என்பது அதன் மகுட வாசகம். அவருடைய கேலிச்சித்திரங்களில் வரும் மிஸிஸ் டாமோடிரன், தாமோதரன் என்ற பெயரை ஆங்கிலக் கோலத்தில் நடமாடவிட்ட கொழும்புச் சீமாட்டி. அவளைப் பார்த்து யாழ்ப்பாணம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே வாரம் தன் பிள்ளையை எந்த ஆங்கில வகுப்பில் சேர்க்கலாம் என்றும் விசாரித்தது.

இந்தச் சிரிப்பால் நன்மை இல்லாமல் இல்லை. காசு வந்தவர்கூடப் படலைக்கு வெளியே சற்று அடக்கமாக நடந்தார். ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தவனும் அதே பகிடிக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டான். 'சனம் என்ன சொல்லும்' என்ற பயத்தில் எத்தனை கடைகள் திறக்கப்படாமலே போயினவோ, எத்தனை பெண்கள் சைக்கிளைத் தொடாமலே இருந்தார்களோ!

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோதுதான் இந்தப் பகிடி திசை மாறியது. மின்சாரம் போயிற்று. பெட்ரோலுக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். மருந்துப் போத்தலில் பொத்திவைத்த பெட்ரோலில் சில துளி காட்டி மோட்டார் சைக்கிளை உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது போன பின்னும் ஒழுங்கையில் புகை நின்றது.

உடுப்புத் துவைக்கப் பனங்காய். களியைப் பிழிந்து தேய்த்தால் அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பிவிடும். கைப்பகுதி இல்லாத சட்டையோடு கந்தோருக்குப் போனவரிடம், "மாட்டுக்கு எந்தக் கை பிடித்தது?" என்று கேட்டார்கள். கேட்டவரின் சாரத்தில் பாதியும் மாட்டின் வயிற்றில்தான் இருந்தது. எல்லோரும் ஒரே நிலைக்கு வந்துவிட்டதால் அந்த நாளில் யாருடைய பவுசையும் இறக்க வேண்டியிருக்கவில்லை. நம் பகிடி மிக நாகரிகமாக இருந்த காலம் அதுவென்றே நினைக்கிறேன். அதற்கு ஒரு பொருளாதாரத் தடை தேவைப்பட்டது என்பதுதான் வெட்கம்.

மேல்நோக்கிச் சிரிக்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இசைநாடக மேடையில் அதற்கு இடம் இருந்தது. மயான காண்டத்தில் வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடக் கேட்டு அழுத சனம்தான் நாடகங்களில் பபூன் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்வரிசைக் கதிரையில் சால்வையோடு இருக்கும் பெரியவரின் கஞ்சத்தனத்தை, காணி வழக்கை, வட்டிக் கணக்கைப் பபூன் நேரே பார்த்துச் சொல்லலாம். அந்தப் பெரியவரே உரத்துச் சிரிப்பார். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பட்டப்பெயர் விழும் என்று அவருக்குத் தெரியும். விடிந்த பின் அதே கலைஞர், சாதியில் குறைந்தவராக இருந்தால், அந்த வீட்டுத் திண்ணையில் ஏற முடியாது. இரவு சொன்ன பகிடியைப் பகலில் முற்றத்தில் நின்று சொல்லவும் முடியாது.