தண்டல் கட்டும் நாளில் சிகரெட் ஏன் கூடுகிறது?

[காட்சி: பெரம்பூர் பக்கம் ஒரு டீக்கடை. மாலை ஆறு மணி. ஓரமாக ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன.]

வணக்கம். இங்கே நிற்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநரை மனதில் வைத்துக்கொள்வோம். வண்டி வாடகையும் கேஸும் போக இன்றைக்குக் கையில் மிஞ்சியது முந்நூறு ரூபாய். ஏழு மணிக்குத் தண்டல்காரர், அதாவது வட்டிக் கடனுக்குத் தவணை வசூலிப்பவர், வந்துவிடுவார். ஓட்டுநர் ஒரு டீ சொல்கிறார், கூடவே ஒரு சிகரெட்டும் வாங்குகிறார். "காசே இல்லைன்றீங்க, இதுக்கு மட்டும் எங்கிருந்து வருது?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் காசு இல்லாத நாளில்தான் அவருக்குப் புகை அதிகம் தேவைப்படுகிறது. ஏன் அப்படி?

[திரையில்: மூளையின் படம், ஓடும் கடிகாரம்.]

இழுத்த புகையில் உள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையைத் தொட்டுவிடும். அங்கே டோபமைன் என்ற இன்ப உணர்வு தரும் ரசாயனம் சுரக்கிறது, மனம் கொஞ்சம் லேசாகிறது. அவர் உணரும் அந்த நிம்மதி பொய்யில்லை. ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகிவிடும். அதற்குப் பழகிப்போன மூளை எரிச்சலையும் படபடப்பையும் கிளப்புகிறது. அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத்தான் அடக்குகிறது. தண்டல் பாக்கி பைசா குறையாமல் அப்படியே இருக்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்குவது போல, முந்தைய சிகரெட் வைத்த பாக்கியை இந்தச் சிகரெட் அடைக்கிறது, தானும் ஒரு பாக்கி வைத்துவிட்டுப் போகிறது.

2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். புகையை விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றுமே குறைந்திருந்தன. தொடர்ந்து பிடித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

சரி, அப்படியானால் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? இப்படிக் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். கடனில் இருப்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் கேட்கிற கேள்வி இது.

[காட்சி: விழுப்புரம் பக்கம் கரும்பு வயல்.]

நம் ஊரிலேயே இதற்கு ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரியான யோசனைத் தேர்வுகள் வைத்தார்கள். 2013-இல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. கையில் பணம் வற்றியிருந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே ஆட்கள் மோசமாகச் செய்தார்கள். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. யோசிக்கவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் வேண்டிய தெம்பைப் பணக்கவலை தின்றுவிடுகிறது. புகையை விடுவதற்கும் அதே தெம்புதான் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்தபோதும் இதே கதைதான். பண நெருக்கடியில் இருந்தவர்கள் புகையை விடுவது குறைவாக இருந்தது. விட்டவர்களுக்கு அப்புறம் பண நெருக்கடியும் குறைந்திருந்தது. கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைத்தால்கூட, நாளுக்கு ஆறு என்றால் மாதம் 2,700. ஒரு பிள்ளையின் டியூஷன் பணம் அதில் இருக்கிறது.

[காட்சி: கண்ணகி நகர் அடுக்குமாடிக் குடியிருப்பு.]

பணத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு, அவமானம். அமெரிக்காவில் இனப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொல்பவர்களிடம் புகைப்பழக்கம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடிக்கடி இழிவுபடுத்தப்படும் உடம்பு எப்போதும் உஷாராகவே இருக்கிறது. கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் அடங்க நேரம் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் மலிவான ஆறுதல் பெட்டிக்கடையில் தொங்குகிறது.

நம் சென்னையில் முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்று சொல்லப்பட்டதை, நகரத்துக் குடிசைகளை அகற்றி மக்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரின் பிள்ளைகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். சாதி தெரிந்ததும் வீடு வாடகைக்கு இல்லை என்பதும் இங்கே நடப்பதுதான். சாக்கடை நாற்றத்தில் நிற்கும் தூய்மைப் பணியாளர் வாயில் புகையிலை அடக்கிக்கொண்டால், அதை வெறும் கெட்ட பழக்கம் என்று மட்டும் எப்படிச் சொல்வது? அந்த வேலையை அவர் தலையில் கட்டியது யார் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

புகையிலை என்றதும் சிகரெட் மட்டும் நினைவுக்கு வருகிறது, இல்லையா? 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 28.6 சதவீதப் பெரியவர்கள் புகையிலை எடுக்கிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான், மெல்லுபவர்கள் உள்ளிட்ட புகையில்லாப் புகையிலைக்காரர்கள் 21.4 சதவீதம், இரண்டையும் எடுப்பவர்கள் இரு கணக்கிலும் வருகிறார்கள். ஹான்ஸ், மாவா அடக்கும் பழக்கத்தை வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பவர்கள் நிறைய. மறைக்க மறைக்க உதவி கேட்க வாய் வருவதில்லை.

[திரையில்: 1800-11-2356]

விட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. நிகோடின் இல்லாத எரிச்சல் முதல் மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அதனால் தவணை கட்டும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். கட்டி முடித்த மறுநாள் ஆரம்பியுங்கள். திரையில் இருப்பது தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண். அழைக்கக் காசு இல்லை, தமிழிலும் பேசலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் ஆலோசனை உண்டு. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கத்தை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கலாம், ஆனால் வாய்ப்புண்ணோ இதயக்கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அந்த மூன்று நாளும் அவர் சிடுசிடுவென்று இருப்பார். கடன் பேச்சை அப்போது எடுக்காதீர்கள். இடையில் ஒன்று பிடித்துவிட்டாலும் "எனக்குத் தெரியும், உன்னால முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். பல பேர் சிலமுறை முயன்ற பிறகுதான் விடுகிறார்கள். தண்டல்காரரிடம் நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவருக்காக ஒரு வார்த்தை நீங்கள் பேசினால், அன்றைக்கு மாலை ஒரு சிகரெட்டாவது குறையும்.