பதில் வந்ததைக் கவனித்தவர்தான் சொல்ல முடியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குமரி மாவட்டத்துப் பெரியோர்களே, வணக்கம்.

வீட்டு ஜெபத்துக்குக் கிடைக்கும் பதிலைக் கண்டுகொள்ள உதவுவது உறுதியான நம்பிக்கையா, ஒழுங்கான கவனமா? தலைப்பு இதுதான். ஒழுங்கான கவனமே என்பது எங்கள் அணி. ஜெப விண்ணப்பங்களை நோட்டுப் போட்டு எழுதுவது ஆண்டவரிடமே கணக்குக் கேட்கிற காரியம் என்றார் எதிரணித் தலைவர். ஆண்டவரிடம் யார் கேட்டது ஐயா? கணக்கெல்லாம் நம்மிடம்தான்.

"எல்லாரையும் ஆசீர்வதியும், எல்லாக் குறையும் தீரணும்" என்று ஜெபித்தால் பதில் வந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இன்னும் சில வீடுகளில் ஜெபத்துக்குள்ளேயே ஏச்சு நடக்கும். "ஆண்டவரே, இந்தப் பய போனைக் கீழே வச்சிட்டுப் படிக்கணும்." கண்ணை மூடியிருக்கிற பயலுக்கு இது யாருக்குப் போகிற விண்ணப்பம் என்று நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் சரியாக ஜெப நேரத்தில் அவனுக்கு வயிற்றுவலி!

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் தேதி, யாருக்காக, என்ன கேட்கிறோம், நம் கை செய்ய வேண்டியது என்ன, எப்போது திரும்பிப் பார்ப்பது. வலப்பக்கம் பதிலுக்கு. ஒரு நேரத்தில் ஐந்து விண்ணப்பத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடும்.

திரும்பிப் பார்க்கும் தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அம்மைக்குச் சர்க்கரை குறையணும்" என்று ராத்திரி கேட்டுவிட்டு, காலையில் விரலைக் குத்திப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். அந்த எண் அந்த நேரத்து நிலையை மட்டும் காட்டும். ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை. ஆகவே தேதியை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். 'நம் கை' என்ற இடத்தில் மாத்திரை நேரம், நடை, தட்டில் விழுகிற மரச்சீனிக் கிழங்கின், அதாவது மரவள்ளியின், அளவு.

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். மழைக்காலத்தில் பால்வெட்டு முடங்கக் கூடாது என்று ஜெபித்தால், மழைக்கு முன்பே மரத்தில் வெட்டுப்பட்டை நனையாமல் காக்கும் ரெயின் கார்டு மறைப்பை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் தண்ணீர் வெட்டுப்பட்டையில் இறங்கும். பாலும் கெடும், பட்டையும் அழுகும்.

வேதத்தில் நெகேமியாவைப் பாருங்கள். இடிந்து கிடந்த எருசலேம் நகருக்காக, யூதர்களின் கிஸ்லேயு மாதம் ஜெபிக்கத் தொடங்கியவருக்கு நிசான் மாதத்தில், ஏறக்குறைய நாலு மாதம் கழித்து, வாசல் திறக்கிறது. "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டதும் மனுஷன் தடுமாறவில்லை. போய்த் திரும்பும் காலம், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம், வன அதிகாரி ஆசாப்பிடம் மரம் என்று அடுக்கினார். அத்தனையும் முன்பே யோசித்து வைத்தது!

பதில் வராவிட்டால் நம்பிக்கைக் குறைவு என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். நடுவர் அவர்களே, இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பின் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரணும் என்று கரையில் நின்று ஜெபித்த பெண்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை கேட்டும் அவரை வருத்திய 'முள்' என்ற வேதனை நீங்கவில்லை; "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் அவருக்கு வந்த பதில். 'இல்லை' என்பதையும் வலப்பக்கத்தில் தேதி போட்டு எழுத வேண்டும். அந்தத் தாளைக் கிழிக்கக் கூடாது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சியிடம் ஒரே ஒரு கேள்வி: போன வருஷம் இதே மாதம் உங்கள் வீட்டில் எதற்காக ஜெபித்தீர்கள்?