மனசுக்கு முடியலைன்னு லீவு கேட்க முடியுமா?

வணக்கம். நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடைவிழா நோட்டீஸ், வருஷக் கடைசியில் கடைகளுக்குத் தினசரி காலண்டர், இதுதான் எங்கள் பிழைப்பு. பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். வேலை பார்ப்பவர்களின் மனநலம் பற்றி ரேடியோவில் பேச வாங்க என்று கூப்பிட்டபோது, இதை ஒரு டாக்டர் அல்லவா பேச வேண்டும் என்று தயங்கினேன். அப்புறம் யோசித்தால், டாக்டரிடம் போய்ச் சேருகிறவரைக்கும் அந்த ஆள் பகல் முழுக்க இருப்பது என் கண் முன்னால்தான்.

நம்ம ஊரில் 'மேலுக்கு முடியல அண்ணாச்சி' என்று ஒரு போன் வந்தால் போதும், லீவு கொடுத்துவிடுவோம். மனசுக்கு முடியல என்று யாராவது லீவு கேட்டிருக்கிறார்களா? என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஊரில் கொடை என்பார்கள், மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு என்பார்கள், நாமும் பொய் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டு மனசுக்குள் ஒரு கணக்கு எழுதி வைப்போம். அவர்கள் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் நம் வாயில் இருக்கிறது. 'கோட்டி'. பைத்தியம் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல் வருகிறது! கலர் தப்பினால் கோட்டிக்காரப் பய, கணக்கு பிசகினால் கோட்டி பிடிச்சிருக்கா. விளையாட்டுக்குத்தான் சொல்கிறோம், சரி. ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் கிடந்துவிட்டு வந்த ஒருத்தர் அதைக் கேட்டுக்கொண்டே மெஷின் பக்கத்தில் நிற்கிறாரே, அவர் எப்படி வாயைத் திறப்பார்?

எனக்கு இது உறைத்தது 2023 வெள்ளத்துக்குப் பிறகுதான். டிசம்பர் 17, 18, அந்த இரண்டு நாளை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, இங்கே தாமிரபரணி கரையேறி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் இடுப்பளவு தண்ணீர். காலண்டர் சீசன் வேறு. அடித்து அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஊறிப் புடைத்துக் கிடந்தது, மெஷின் மோட்டார் சகதிக்குள். எங்கள் மெஷின்மேன் வீடு ஆற்றங்கரையில். கழுத்தளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து மாடிக்கு ஏறியிருக்கிறார். அந்த மனுஷர் நாலாம் நாள் வந்து மோட்டாரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னேன். வீட்டில் என்ன மிஞ்சியது, ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கவில்லை.

அப்புறம் மாசி முகூர்த்தத்துக்கான வேலை வந்தது. வானம் லேசாக இருட்டினால் மெஷினை ஓடவிட்டு வாசலில் போய் நிற்பார். ஒரு பத்திரிகையில் கலர் விலகி ஐந்நூறும் வீணாகிவிட்டது. பெண்ணோட அப்பா எதிரில் நிற்கிறார், அவர் முன்னாலேயே நான் கத்தினேன்: "கோட்டி பிடிச்சிருக்கா வே உமக்கு?" மறுநாள் மெஷின்மேன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சொன்னார், "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திச்சு ஆத்துல தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பார்க்கப் போயிருதாவ அண்ணாச்சி, ரெண்டு மாசமா இப்படித்தான்."

முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் என் வண்டியிலேயே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். பெரிய ஆபத்தில் தப்பியவர்களுக்கு இப்படி வருவது உண்டு, சரிப்படுத்தலாம் என்றார் டாக்டர். என்னையும் உட்காரவைத்து ஒன்று சொன்னார்: மாத்திரையில் தூக்கக் கலக்கம் வரலாம், ஓடுகிற மெஷின் பக்கம் கொஞ்ச நாள் விடாதீர்கள். தாள் வெட்டுகிற கத்தி நினைவுக்கு வந்து எனக்குக் குலை நடுங்கியது, ஏனென்றால் ஆள் இல்லாத நாளில் கட்டிங்கையும் அவர் தலையில்தான் கட்டுவேன். புரூஃப் பார்க்க, எண்ணிக் கட்ட என்று உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தோம், முதல் மாசம் அரை நாள், சம்பளம் முழுசு. பழையபடி மெஷினுக்கு வர நாலு மாசம் ஆனது. இப்போதும் அடைமழை என்றால் அவருக்கு ஒரு மாதிரிதான், அன்றைக்கு மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரர்களால் ஆலோசகர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. ஆனால் கடையில் ஒருத்தர் மனசைக் கெடுக்கிற விஷயங்களில் பாதி முதலாளியின் கையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சம்பளத் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டியிடமிருந்து பணம் வந்ததும் தருகிறேன் என்று 7ஆம் தேதி கொஞ்சம், 12ஆம் தேதி கொஞ்சம் என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். பைண்டிங் பார்க்கிற அக்கா வீட்டு வாசலில் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து நிற்பது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது 5ஆம் தேதி என்றால் 5ஆம் தேதிதான், அதற்காக நான் கடன் வாங்கினாலும் சரி. டைப்பிங் பார்க்கிற பிள்ளையின் சொந்த நம்பருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு 'மாமா பேரை மேலே போடுங்க' என்று வாட்ஸப் வரும், அந்தப் பிள்ளையும் பயந்துகொண்டு எழுந்து திருத்தும். கடைக்கென்று தனி நம்பர் வாங்கினேன், எட்டு மணிக்கு மேல் அது அணைந்துவிடும். இதனால் ஒரு வாடிக்கையாளரும் ஓடிப்போகவில்லை. திட்ட வேண்டியிருந்தால் உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று: நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாகிவிட்டது. கால் கடுத்து நிற்கிறவர் மனசும் கடுத்துத்தான் போகும், ஒரு ஸ்டூல் போடுங்கள்.

நீங்களே டாக்டராகிவிடாதீர்கள். 'தைரியமா இரு, எல்லாம் சரியாயிரும்' என்று சொல்லி முடிப்பதைவிட, 'ராத்திரி தூங்கினியா?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர்களாகச் சொல்லுவார்கள். சொன்னதை டீக்கடைக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கு அவரைத் தனியே விடாமல் வீட்டாரிடம் சேர்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்று அரசு உதவி எண் இருக்கிறது, 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வெள்ளத்தில் போன சரக்குக்குக் கடன்காரர்கள் நெருக்கியபோது ஒரு ராத்திரி நானும் அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறேன். இ.எஸ்.ஐ. கட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள், காய்ச்சலுக்கு எப்படி வைத்தியமும் விடுப்புப் பணமும் உண்டோ, மனநோய்க்கும் உண்டு.

இதையெல்லாம் ரேடியோவில் சொல்லட்டுமா என்று எங்கள் மெஷின்மேனிடம் போன வாரம் கேட்டேன். மை துடைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "பேரைச் சொல்லாம சொல்லுங்க அண்ணாச்சி. எங்க தெருவுல இன்னும் நாலஞ்சு பேரு தூங்காமத்தான் கெடக்காங்க."