அம்பு பட்ட இடத்தில் நிற்க வேண்டும்: ஸ்டம்ப் ஷூட்டிங்குக்கு எந்த முனை?

எல்லாருக்கும் வணக்கம். ஹப்புத்தளைப் பக்கம், எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள பைனஸ் காட்டில் நின்று பேசுகிறேன். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்குப் பிறகு நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். ஸ்டம்ப் ஷூட்டிங்குக்கு அம்பில் என்ன முனை போடுவது? புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இது வில்வித்தைப் பயிற்சிதான், ஆனால் இதில் குறிப்பலகை கிடையாது, அளந்து வைத்த தூரமும் கிடையாது. காட்டில் நடந்துகொண்டே போய், உளுத்துப்போன ஒரு கட்டையைப் பார்த்து, தூரத்தைக் கண்ணால் கணித்து எய்ய வேண்டும். அடுத்த கட்டை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று தெரியாது. அதனால்தான் இது இவ்வளவு நல்ல பயிற்சி.

வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போனது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அம்பு பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் சாதாரண ஃபீல்ட் பாயிண்ட்தான் போட்டேன். இதோ, பென்சில் கூர் மாதிரி இருக்கிறதே, இதுதான். பலகைக்கு அருமையான முனை. ஆனால் ஒருநாள் கட்டைக்கு மேலே போன அம்பு ஒன்று சரிவில் இறங்கிக் காணாமல் போய்விட்டது. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. நாலு நாள் கழித்து அம்மா கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடிக்குள் அது குத்தி நின்றிருக்கிறது. கைக்கும் கூருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அம்மா அதைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்றும் திட்டவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழே தேயிலை மலையில் ஆட்கள் செருப்பு இல்லாமல் கூட நடக்கிறார்கள், கையைச் செடிக்குள் விட்டு வேலை செய்கிறார்கள். அன்றிலிருந்து தேயிலை இருக்கிற பக்கம் பார்த்து எய்வதே இல்லை. மேட்டுப் பக்கம் பார்த்து, பின்னால் மண் திட்டு இருந்தால் மட்டும்தான் எய்வேன்.

கூர்முனை ஏன் அப்படி ஓடுகிறது? மானாப்புல் அடர்ந்த இடத்தில் அம்பு தாழ்வாக விழுந்தால், மெல்லிய கூர் புல்லின் அடியில் பாம்பு மாதிரி நுழைந்துவிடும். இறகு வரைக்கும் உள்ளே போய்விட்டால், மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பைனஸ் இலை மெத்தையும் அப்படித்தான்.

இதற்கென்றே வந்தது ஜூடோ முனை. அமெரிக்காவில் மினசோட்டாவில் உள்ள ஸ்விக்கி கம்பெனியின் தயாரிப்பு. நுனி தட்டை, பக்கத்தில் நாலு கம்பிக் கைகள், அவற்றுக்கு ஸ்பிரிங். கம்பி புல்லைக் கொக்கி போட்டு பிடித்ததும் அம்பு நின்றுவிடும், பல நேரம் வால் மேலே எழும்பி நிற்கும். இறகு கண்ணுக்குத் தெரியும். புல்வெளியில் எய்கிறவர்களுக்கு இதை விட நல்லது எனக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் செலவு அதிகம், அதனால் என்னிடம் இரண்டுதான் இருக்கிறது.

மற்ற நாலு அம்புக்கும் ரப்பர் மொட்டை, அதாவது கூர் இல்லாத ரப்பர் முனை. மொட்டம்பு என்று சொல்வேன், நல்ல பழைய சொல். கடையில் வாங்க முடியாவிட்டால், கைத்தடி நுனிக்கு மாட்டுகிற ரப்பரை ஃபீல்ட் பாயிண்ட்டுக்கு மேலே இறுக்கி ஒட்டிப் பாருங்கள். கூர் ரப்பரைத் துளைத்து வெளியே வராத அளவுக்குக் கனமான ரப்பராக இருக்க வேண்டும், அதை மட்டும் நன்றாகப் பாருங்கள்.

ஆனால் எடை. இது முக்கியம். முனையின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 125 கிரெயின் என்றால் கிட்டத்தட்ட 8.1 கிராம், 100 கிரெயின் என்றால் 6.5 கிராம். முனைக்கு மேல் ரப்பரும் சேர்ந்தால் முன்பக்கம் கனத்துவிடும். அம்பு தாழ்ந்து விழும். அது மட்டுமில்லை, முன்பாரம் கூடினால் அம்புத்தண்டு வில்லை விட்டுக் கிளம்பும்போது அதிகமாக வளையும், வலது கைக்காரருக்கு வலது பக்கம் விலகும். 'என் குறி கெட்டுவிட்டது' என்று நினைத்து இரண்டு வாரம் நான் கையைத் திருத்திக்கொண்டே இருந்தேன். குறி சரியாகத்தான் இருந்தது, எடைதான் மாறியிருந்தது. நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று வாங்கி, எல்லா முனையையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சரியானது.

இரும்பு மொட்டையை நான் இங்கே போடுவதில்லை. உளுத்த பைனஸ் கட்டை மெத்தென்று வாங்கிக்கொள்ளும். யூகலிப்டஸ் கட்டை வெட்டி வருடக்கணக்கானாலும் உள்ளே கல் மாதிரி இருக்கும், இரும்பு அதில் பட்டுத் திரும்பி வரும். ஃபீல்ட் பாயிண்ட் என்றால் இறுகிக்கொண்டு, பிடுங்கும்போது தண்டு உடையும். எய்வதற்கு முன்னால் போய்க் கட்டையைக் காலால் மிதித்துப் பாருங்கள். 'தொப்' என்று அமுங்கினால் சரி.

சின்ன வேட்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அனுமதி உள்ள நாடுகளில் முயல், அணிலுக்கு மொட்டம்பைத்தான் சிபாரிசு செய்வார்கள். அது வெட்டுவதில்லை, அடியின் அதிர்ச்சியில் வீழ்த்தும். கூரான ஃபீல்ட் பாயிண்ட் சின்ன உடம்பை ஊடுருவிப் போய்விடும், காயத்தோடு ஓடுகிற பிராணி எங்கேயோ கிடந்து வதைபட்டுச் சாகும். நம் இலங்கையில் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான் எந்த உயிர் மீதும் எய்வதில்லை. இந்த மரத்தில் ஓடுகிற மலையணிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்குப் போதும்.

இன்னொன்று. திருகு முனை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மரையில் தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள், நாலு தடவை எய்ததும் விரலால் இறுக்கிப் பாருங்கள். கார்பன் அம்பு என்றால் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக வளையுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அதோடு அந்த அம்பு முடிந்தது. வெடித்த கார்பன் நாணில் ஏறினால் கைக்குள் சிலாம்பாக இறங்கும்.

சரி, அதோ அந்தக் கட்டை தெரிகிறதா? இருபத்தைந்து மீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜூடோ போட்டு எய்கிறேன்.

கொஞ்சம் மேலே போய்விட்டது. ஆனால் பாருங்கள், புல்லுக்குள் மஞ்சள் இறகு நிமிர்ந்து நிற்கிறது.

மேலே மூட்டம் இறங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன். நாலு, ஐந்து, ஆறு. ஆறும் தூணிக்குள் இருக்கிறது. கீழே இறங்குகிறேன்.