கோதாவுக்கு உள்ளேதான் அலி!

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணியினருக்கும், மாலை ஆறு மணியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் பேசி அமர்ந்தபோது நீங்கள் தட்டிய கைதட்டல் அடங்கவே நேரமானது. நானும் தட்டினேன். என் அணித் தலைவர் என் முழங்கையை இடித்தார், அப்போதும் நிறுத்தவில்லை. நல்ல பேச்சுக்குக் கைதட்டுவதில் என்ன கட்சி வேண்டியிருக்கிறது? ஆனால் அவர் உருகி உருகிப் பேசியதில் இன்றைய தலைப்பே கரைந்துபோய்விட்டது. அதை மீட்டெடுக்கத்தான் இப்போது எழுந்திருக்கிறேன்.

தலைப்பு இதுதான்: குத்துச்சண்டை வீரர் முகமது அலியை உலகம் கொண்டாடுவது கோதாவுக்கு உள்ளே செய்ததற்கா, வெளியே செய்ததற்கா? ‘வெளியே’ என்றார் எதிரணித் தலைவர். 1967 ஏப்ரல் 28-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம், படைக்கு ஆள் சேர்க்கும் நிலையம். பெயரைக் கூப்பிட்டால் ஓர் அடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். வைத்தால் ராணுவ வீரன். ‘காசியஸ் கிளே’ என்று அவர் உதறிவிட்டு வந்த பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அலி அசையவில்லை. வியட்நாம்காரர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே சொல்லிவிட்டவர் அவர். அன்றைக்கே நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவருடைய குத்துச்சண்டை உரிமத்தை நிறுத்திவைத்தது. உலக சாம்பியன் பட்டம் போனது, பாஸ்போர்ட் போனது. ஜூன் மாதம், வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி 21 நிமிடம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து ‘குற்றவாளி’ என்றது. ஐந்து ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீட்டினால் சிறைக்குப் போகவில்லை. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. எதிரணித் தலைவர் சொன்ன இவற்றில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப்போவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்த வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர் அலி ஒருவர்தானா? ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் மறுத்தார்கள். சிறைக்கே போனவர்கள் இருக்கிறார்கள். அலி போகவில்லை, அவர்கள் போனார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரை, ஒரே ஒருவருடைய பெயரை, இந்த மைதானத்தில் யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம். எதிரணித் தலைவர் அவர்களே, நீங்கள்? தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும், நிறையப் பேசியிருக்கிறார்.

அவர்களுடைய மறுப்பு எந்த விதத்தில் குறைந்தது? எந்த விதத்திலும் குறையவில்லை. ஆனால் இந்த ஒருவர் ‘மாட்டேன்’ என்றபோது மட்டும் உலகம் திரும்பிப் பார்த்தது என்றால், அவர் அதற்கு முன்பே எங்கோ நின்று உலகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நான்கு மூலைகள், நாலாபுறமும் கயிறு, நடுவில் சில அடி நிலம். அங்கேதான் நின்றார்.

கதையை முதலிலிருந்து பாருங்கள். 1954, கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரம். பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா விளம்பரப் பலகை எழுதுகிறவர். அம்மா வசதியானவர்கள் வீட்டில் சமையலும் வீட்டு வேலையும் பார்க்கிறவர். பையனுடைய புத்தம் புது சிவப்பு வெள்ளை சைக்கிள் திருடு போகிறது. அழுதுகொண்டே போலீஸ்காரரைத் தேடிப் போகிறான். அவர் ஜோ மார்ட்டின். அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். திருடினவனை அடித்து நொறுக்கிவிடுவேன் என்கிறான் பையன். முதலில் சண்டை போடத் தெரியுமா உனக்கு, அதைக் கற்றுக்கொள் என்கிறார் அவர். அநியாயம் நடந்துவிட்டது, ஆத்திரம் இருக்கிறது, நியாயமும் பையன் பக்கம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் போலீஸ்காரர் அவனைக் கோதாவுக்குத்தான் அனுப்பினார். அந்த சைக்கிள் திருடன் கடைசிவரை பிடிபடவே இல்லை. பிடிபட்டிருந்தால் அவனுக்கு எங்கள் அணியில் ஒரு நாற்காலி போட்டிருப்போம்.

ஆறே ஆண்டில், பதினெட்டு வயதில், ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964 பிப்ரவரியில் மயாமி பீச்சில் எதிரே அன்றைய உலக சாம்பியன் சன்னி லிஸ்டன். அந்தக் காலத்தில் லிஸ்டன் என்றால் எதிரே நிற்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பந்தயக்காரர்கள் ஏழுக்கு ஒன்று என்று லிஸ்டன் பக்கம் கட்டினார்கள். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை உலக ஹெவிவெயிட் சாம்பியன். முகமது அலி என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய வந்தது அதற்குப் பிறகு, அடுத்த மாதத்தில்தான்.

அந்த ஆட்டத்தை நம் வாத்தியார்கள் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்கள். கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள் என்பது குத்துச்சண்டையின் முதல் பாடம். அலி கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டார். குத்து வந்தால் குனி, இல்லையென்றால் ஒதுங்கு என்பது இரண்டாம் பாடம். அலி தலையை மட்டும் பின்னால் சாய்ப்பார். எதிராளியின் கையுறை மூக்கு நுனிக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து காற்றைத் தடவிவிட்டுத் திரும்பிப் போகும். அத்தனை பெரிய உடம்பு, கால்கள் மட்டும் தாயம் ஆடும் சிறுமியின் விரல்களைப் போல ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

எதிரணித் தலைவர் வெளியுலக அலியைப் பூமாலை போட்டுத் தூக்கி வந்தார். அந்த மாலையில் சில முட்களும் இருந்தன. அவற்றைப் பதமாகக் கிள்ளிவிட்டுக் கட்டியிருக்கிறார். 1964-இல் கானா நாட்டில் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் எதிரே வருகிறார். அலிக்கு வழிகாட்டியாக இருந்தவர், அண்ணனைப் போன்றவர். அலி சேர்ந்திருந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் தலைமையோடு அவருக்குப் பிணக்கு என்ற ஒரே காரணத்துக்காக அலி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த பிப்ரவரியில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அதை நினைத்து வருந்தி அலியே பின்னாளில் எழுதியிருக்கிறார். சக குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அலிக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாதாடிய மனிதர் அவர். அவரைக் குரங்கு என்று ஏசி, நிருபர்களுக்கு முன்னால் ரப்பர் பொம்மையை வைத்துக் குத்திக் காட்டினார் அலி. ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

கோதாவுக்குள் அவர் தப்பே செய்யவில்லையா என்று எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் குறிப்பெடுப்பது தெரிகிறது. சிரமப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். 1967 பிப்ரவரியில் எதிராளி எர்னி டெரல் இவரைப் பழைய பெயரில் கூப்பிட்டதற்காக, ‘என் பெயர் என்ன, என் பெயர் என்ன’ என்று கேட்டுக் கேட்டுப் பதினைந்து சுற்றும் வைத்து அடித்தார். பார்க்கச் சகிக்காத ஆட்டம் அது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதிரணியின் பெரிய ஆயுதமான அந்தத் தியாகத்துக்கு வருகிறேன். எதை இழந்தார் அலி? மூன்றரை ஆண்டுகள் இழந்தார் என்றீர்கள். எந்த மூன்றரை ஆண்டுகள்? 1967 மார்ச் முதல் 1970 அக்டோபர் வரை, இருபத்தைந்து வயது முதல் இருபத்தெட்டு வயது வரை. ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு அது பருவ மழைக் காலம். நிலமே இல்லாதவன் விதைக்காமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? ராஜ்ஜியம் இருப்பவன் விட்டுவிட்டுப் போனால்தான் ஊர் அதைத் துறவு என்று சொல்லும். அந்தத் துறவுக்குக் கனம் கொடுத்ததே கோதாவில் இருந்த ராஜ்ஜியம்தான். நீங்கள் தராசில் வைத்த எடைக்கல்லும் எங்கள் கடைச் சரக்குதான் என்பதை நடுவர் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள் 1971 ஜூன் 28 என்று எதிரணித் தலைவர் சொல்வதற்கு முன்னால் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். ஒருவர். ஐயா வக்கீலா? அப்படித்தான் நினைத்தேன். கின்ஷாசாவில் ஃபோர்மனை வீழ்த்தினாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? நடுவர் அவர்களே, கணக்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கின்ஷாசா. 1974 அக்டோபர் 30, அன்றைய ஜாயிர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரம். அமெரிக்காவில் பார்ப்பவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று விடியற்காலை நான்கு மணிக்கு ஆட்டம். எதிரே ஜார்ஜ் ஃபோர்மன், இருபத்தைந்து வயது, 40 ஆட்டம், 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட். தொழில்முறை ஆட்டத்தில் அலியைத் தோற்கடித்தவர்கள் அதுவரை உலகத்தில் இரண்டே பேர், ஃபிரேசியரும் கென் நார்ட்டனும். இருவரையும் இரண்டிரண்டு சுற்றில் சுருட்டி எறிந்தவர் ஃபோர்மன். அலிக்கு முப்பத்திரண்டு. பழைய கால்கள் இல்லை. உயிரோடு திரும்பினால் போதும் என்று அவருடைய ஆட்களே பயந்துகொண்டிருந்தார்கள்.

முதல் சுற்றில் ஆடிப் பார்த்தார். இது நடக்காது என்று புரிந்துவிட்டது. இரண்டாவது சுற்றிலிருந்து போய்க் கயிற்றில் சாய்ந்துகொண்டார். கயிற்றை விட்டு வெளியே வா, வெளியே வா என்று பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ தொண்டை கிழியக் கத்துகிறார். அலி கேட்கவில்லை. முகத்தைக் கையுறைகளால் மூடிக்கொண்டு, விலாவையும் கைகளையும் அடிக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். நடு நடுவே ஃபோர்மனின் காதில் பேசுகிறார், இவ்வளவுதானா என்கிற தோரணையில். மாட்டுப்பொங்கல் சமயத்தில் கிடாச் சண்டை பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கிடா நாலு அடி பின்னால் போனால் பயந்துவிட்டது என்று வெளியூர்க்காரன் நினைப்பான். உள்ளூர்க்காரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்பான்.

ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது சுற்று. ஃபோர்மனின் கைகள் ஈரத் துணியாகக் கனத்துவிட்டன. எட்டாவது சுற்றின் கடைசி நொடிகளில் அலி கயிற்றிலிருந்து பிரிந்தார். இடது, வலது. ஃபோர்மன் அரைவட்டமாகச் சுழன்று, கையைக் காற்றில் துழாவிக்கொண்டே விழுகிறார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். விழுந்துகொண்டிருக்கும் ஃபோர்மனைச் சுற்றி அலியும் சுழல்கிறார். வலது கை ஓங்கியபடி இருக்கிறது. அடிக்கலாம், விதியில் இடம் உண்டு. அந்த முகத்தில் தடுக்க ஒரு கையும் இல்லை. ஓங்கிய கையை அலி இறக்கவில்லை, வீசவும் இல்லை. விழுகிறவனை விழவிட்டார். 2025-இல் மறைந்த ஃபோர்மன், அந்த வீசாத குத்தைத்தான் உயிரோடு இருந்தவரை சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்.

ஹூஸ்டனில் வைக்காத ஓர் அடியைப் பற்றி எதிரணித் தலைவர் பேசினார். கின்ஷாசாவில் வீசாத இந்தக் குத்தைப் பற்றி அவர் ஏன் பேசவில்லை? மறுப்பதுதான் பெருமை என்றால், இதுவும் மறுப்புதானே? இது கோதாவுக்கு உள்ளே நடந்தது. யோசிக்க நேரமில்லை, ஆலோசனை சொல்ல வக்கீல் இல்லை. அரை நொடியில் ஒரு மனிதனுடைய கை எடுத்த முடிவு.

மணிலாவை வேகமாகக் கடக்கிறேன், நேரம் குறைவு. 1975, ஃபிரேசியரோடு மூன்றாவது ஆட்டம், பதினான்கு சுற்று. ஃபிரேசியருக்குக் கண் வீங்கி மூடிவிட, கடைசிச் சுற்றுக்கு அனுப்பமாட்டேன் என்று அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்தினார். வென்ற அலியும் நிற்கத் தெம்பில்லாமல் தரையில் சரிந்தார்.

1980-இல் அலி நம் சென்னைக்கே வந்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த நேரம். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிப் போட்டி. என் பெரியப்பா அன்று கூட்டத்தில் கடைசி வரிசை. அங்கிருந்து பார்த்தால் அலி கட்டைவிரல் உயரம்தான் தெரிந்திருப்பார். ஆனால் சாகும்வரை அந்தக் கதையை உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். திண்ணைக்கும் வாசலுக்கும் நடுவில், அறுபது வயதில், மூட்டு வலியோடு, காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக் காட்டுவார். பெரியம்மா உள்ளேயிருந்து திட்டுவார். வியட்நாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்தக் கால்களைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார்.

எதிரணி கடைசியாக அட்லாண்டாவைச் சொல்லும், சொல்லாமல் இருக்காது. 1996, ஒலிம்பிக் தொடக்க விழா. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்கின்சன் நோயோடு வாழ்பவர், நடுங்கும் கையால் தீபம் ஏற்றினார். அது கோதாவுக்கு வெளியேதானே என்பார்கள். வெளியேதான். ஆனால் கை நடுங்கும் முதியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டீக்கடையில் கிளாஸைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறவர்களை நாம் தாண்டித்தான் வருகிறோம். அன்று அந்த ஒரு கை நடுங்கியதைப் பார்த்து உலகம் ஏன் அழுதது? அந்தக் கை லிஸ்டனை முக்காலியில் உட்கார வைத்தது, ஃபோர்மனின் முகத்துக்கு மேலே ஓங்கி நின்றது, அதை நாம் எல்லோரும்...

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. அடித்த பிறகு கையை ஓங்குவது ஆட்ட விதிக்குப் புறம்பு. என் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.