உனக்கு எப்படித் தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம். தத்துவம் என்றதும் வானொலியை அணைக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது கல்லூரிப் பிள்ளைகளுக்கான பேச்சுதான். பெரியவர்கள் கேட்டாலும் தப்பில்லை.

வகுப்பில் தத்துவம் சொல்லித் தருவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் நாளே சாக்ரடீஸ், பிளேட்டோ, சங்கரர், ராமானுஜர் என்று கரும்பலகையை நிரப்பக் கூடாது. நிரப்பினால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு, "இதில் எது சார் பரீட்சைக்கு வரும்?" என்பார்கள். அத்தோடு தத்துவத்துக்கு மங்களம் பாடிவிடலாம்.

அதனால் நான் ஒரு கேள்வியில் தொடங்குவேன். "தம்பி, உன் பிறந்த தேதி உனக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பார்கள். "ஆதார்ல இருக்கு சார்." ஆதாருக்கு யார் சொன்னது? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அதற்கு? பள்ளிக்கூடப் பதிவேடு. பதிவேட்டுக்கு? அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, சரி. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் அறுபது வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள் வரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக வரவேண்டுமே, வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். வீட்டில் கேட்டால், "நீ ஐப்பசி அடைமழையில பொறந்தவன்டா" என்பார்கள். பென்ஷனுக்கு ஒரு தேதி, ஜாதகத்துக்கு ஒரு தேதி. இதில் எதை நீங்கள் அறிந்தது என்பீர்கள், எதை நம்பியது என்பீர்கள்?

இது என் சொந்தச் சரக்கு அல்ல. நம்ம ஊர் தானிய வியாபாரி ஒருவர் விட்டுப்போனது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். மணிமேகலையின் 27ஆம் காதையை எடுத்துப் பாருங்கள். 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகருக்குப் போகிறாள். அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன் என்று வெவ்வேறு சமயக்காரர்களை வரிசையாகப் பார்த்து, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடைசியில் வருகிறவன் பூதவாதி. என் மாணவர்களுக்கு எப்போதும் இவனைத்தான் பிடிக்கும். பேய் பிசாசு இல்லை, ஐம்பூத விவகாரம். அவன் சொல்கிறான்: ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்துப் போட்டால் போதை பிறக்கிறது, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, அவ்வளவுதான். கண்ணால் காண்பதே சான்று, அனுமானம், அதாவது கண்டதை வைத்துக் காணாததை அறிவது, செல்லாது, மறுபிறப்பும் கிடையாது.

மணிமேகலை சிரிக்கிறாள். தன் முற்பிறப்பு தனக்குத் தெரியும் என்கிறாள். அதெல்லாம் தெய்வ மயக்கம், கனவு என்கிறான் இவன். உடனே அவள் கேட்கிறாள்:

"தந்தை தாயரை அனுமானத்தால் அலது
இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்?"

உன் அப்பா அம்மா யாரென்று நீ கண்ணால் பார்த்தா தெரிந்துகொண்டாய்? பிறந்த தேதிக் கேள்விதான் இது, ஒரு படி மேலே. நம் வீடுகளில் 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்பார்கள். இவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அந்தத் தொனியைக் கவனியுங்கள்.

ஆனால் பூதவாதிக்காக நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குவேன். அனுமானத்தில் அவனை மடக்கிவிட்டாள், சரி. போதை உவமைக்கு அவள் பதில் சொல்லவே இல்லை! உடம்பிலிருந்து உணர்வு எப்படி வருகிறது? மூளையை ஆராய்கிறவர்களுக்கு இன்றும் இது தீராத வழக்கு. ஆக, எப்படி அறிகிறோம் என்பது ஒரு கேள்வி, அறிகிற 'நான்' யார் என்பது இன்னொன்று. நடுவில் கேட்க வந்தவர்களுக்காக மறுபடியும் சொன்னேன்.

எது உண்மையில் உள்ளது என்பது அடுத்த கேள்வி. திருமலை நாயக்கர் மகாலில் இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி. அதையும் 19ஆம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது பழுதுபார்த்தார்கள். நாயக்கர் கட்டிய அதே மகால்தானா இது? நிலைப்பதும் மாறுவதும் ஒரே பொருளில் உண்டு என்று சமணர்கள் வாதிட்டார்கள். அவர்கள் இருந்த குன்று, சமணர் மலை, கீழக்குயில்குடியில் இருக்கிறது. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பக்கம்தான். ஒரு சாயங்காலம் ஏறிப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அறத்தைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக ஒன்று. பொற்கொல்லன் சொன்னதை நம்பினான் பாண்டியன்; விசாரிக்கவில்லை; கோவலன் செத்தான். கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்ததும், "யானே கள்வன்" என்று விழுந்து உயிரை விட்டான். அறியாமல் செய்ததுதானே, அவன் குற்றவாளியா? 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று பொற்கொல்லனைக் கேட்காமல் விட்டதே குற்றமா? நான் இரண்டாவது கட்சி. மறுப்பவர்கள் நாளை கேண்டீனில் ஆள் சேர்த்து வாதாடுங்கள். வணக்கம்.