கயிறு விறைக்க விறைக்க இழுவிசை ஏன் எகிறுகிறது?

(திரையில்: ஒரே உயரத்தில் இரண்டு கொக்கிகள். அவற்றிலிருந்து சாய்வாக இறங்கும் இரண்டு கயிறுகள் ஒரு முடிச்சில் சேர்கின்றன, முடிச்சிலிருந்து நேர்கீழே இறங்கும் மூன்றாவது கயிற்றில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி.)

10 கிலோ ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இரண்டு கயிற்றில் அசையாமல் தொங்குகிறது. ஒவ்வொரு கயிறும் எவ்வளவு பாரம் தாங்குகிறது? ஆளுக்குப் பாதி என்றுதான் சட்டென்று வாயில் வரும். இரண்டு கயிறும் நேர்செங்குத்தாக இருந்து, பெட்டி நடுவில் இருந்தால் அது சரிதான். சாய்ந்துவிட்டால் கணக்கே வேறு, இரண்டு இழுவிசைகளையும் கூட்டிப் பார்த்தால் பெட்டியின் எடையைவிட அதிகமாகவே வரும், அந்தக் கூடுதல் எங்கிருந்து முளைத்தது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் எடை. 10 கிலோவைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கினால் 98 நியூட்டன். சரி, முடிந்தது.

அடுத்து படம். இங்கேதான் பலர் பெட்டியைச் சுற்றி அம்புக்குறி போட ஆரம்பிப்பார்கள், ஆனால் பெட்டிக்கு மேலே இருப்பது ஒரே ஒரு கயிறு, அதில் 98 நியூட்டன் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து கிடைக்காது. மூன்று கயிறும் சேரும் முடிச்சைப் பிடியுங்கள். முடிச்சு அசையவில்லை, அதனால் அதன்மேல் வேலை செய்யும் விசைகளின் கூட்டுத்தொகை சுழியம். கீழே 98, இடப்பக்கம் மேல்நோக்கி ஓர் இழுப்பு, வலப்பக்கம் மேல்நோக்கி ஓர் இழுப்பு. அவ்வளவுதான் படம்.

(திரையில்: முடிச்சு மட்டும் ஒரு புள்ளியாக. மூன்று அம்புகள். இடக்கயிறு கிடைமட்டத்தோடு 30°, வலக்கயிறு 60°.)

சாய்ந்த ஒவ்வொரு விசையையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும், பக்கவாட்டில் எவ்வளவு, மேல்நோக்கி எவ்வளவு என்று. கோணம் கிடைமட்டத்திலிருந்து அளந்ததாக இருந்தால் பக்கவாட்டுக் கூறுக்குக் காஸ், மேல்நோக்கிய கூறுக்குச் சைன். கேள்வியில் சில சமயம் செங்குத்தோடு உள்ள கோணத்தைக் கொடுத்திருப்பார்கள், அப்போது இரண்டும் இடம் மாறும், கோணம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்காமல் சூத்திரத்தை மனப்பாடமாகப் போட்டால் விடை போச்சு.

பக்கவாட்டில்: இட இழுவிசை பெருக்கல் 0.866, வல இழுவிசை பெருக்கல் 0.5, இரண்டும் சமம். ஆக வல இழுவிசை இட இழுவிசையைப்போல 1.732 மடங்கு. மேல்நோக்கி: இடத்தில் 0.5 பங்கு, வலத்தில் 0.866 பங்கு, இரண்டும் சேர்ந்து 98. முதல் சமன்பாட்டை இதில் போட்டால் இட இழுவிசையின் இரண்டு மடங்கு 98 என்று வந்து நிற்கும். இடக்கயிறு 49 நியூட்டன், வலக்கயிறு 84.9 நியூட்டன்.

கவனித்தீர்களா, நீளமான கயிறு இடப்பக்கம் இருப்பது, ஆனால் குறைவாகத் தாங்குவதும் அதுதான். எது அதிகம் நிமிர்ந்து நிற்கிறதோ அதன்மேல்தான் பாரம் அதிகம் ஏறுகிறது.

இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 134. பெட்டியோ 98தான். பதற வேண்டாம். மேல்நோக்கிய கூறுகளை மட்டும் கூட்டுங்கள்: 24.5, 73.5, மொத்தம் சரியாக 98. மிச்சமெல்லாம் பக்கவாட்டில் போகிறது, இடக்கயிறு 42.4 நியூட்டனில் ஒரு பக்கம் இழுக்க, வலக்கயிறு அதே 42.4ல் மறுபக்கம் இழுக்க, கயிறிழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சமபலமாக நின்றுவிட்டதுபோல. பெட்டியைத் தூக்க அந்த இழுப்பு துளியும் உதவாது, ஆனாலும் கயிறு அதைத் தாங்கியே ஆக வேண்டும்.

லாமியின் தேற்றம் படித்தவர்கள் இதை ஒரே வரியில் முடிக்கலாம். ஒவ்வொரு விசையையும் மற்ற இரண்டு விசைகளுக்கு இடையிலுள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்றும் ஒரே மதிப்பு. ஒரு புள்ளியில் மூன்றே மூன்று விசைகள் இருந்தால்தான் அது செல்லும், நான்காவது கயிறு வந்தால் பழையபடி கூறுகளாகப் பிரிக்க வேண்டியதுதான், அதனால் எனக்கு என்னவோ பிரித்துப் போடும் வழிதான் பிடிக்கும்.

(திரையில்: இரண்டு கொக்கிகளும் மெல்ல விலக, கயிறுகள் படுத்துக்கொண்டே போகின்றன.)

இனி சுவாரசியமான இடம். இரண்டு பக்கமும் ஒரே கோணம் என்று வைத்துக்கொள்வோம், அப்போது ஒவ்வொரு கயிற்றின் இழுவிசையும் எடையை, கோணத்தின் சைனைப்போல இரண்டு மடங்கால் வகுத்தது. 30 டிகிரியில் ஒவ்வொன்றிலும் 98. 10 டிகிரியில் 282. 5 டிகிரியில் 562. 1 டிகிரிக்கு வந்தால் 2,800 நியூட்டனைத் தாண்டிவிடும், அதாவது 10 கிலோ பெட்டிக்காக ஒவ்வொரு கயிறும் 280 கிலோவுக்கு மேல் தொங்குவதுபோல விறைத்து நிற்கும். சுழியம் டிகிரி? சைன் சுழியம், வகுக்கவே முடியாது. எவ்வளவு முறுக்கி இழுத்துக் கட்டினாலும், நடுவில் பாரம் இருக்கும் கொடிக்கயிறு துளியாவது தொய்ந்துதான் நிற்கும், ஏனென்றால் முழுக்கப் படுத்த கயிற்றுக்கு மேல்நோக்கி இழுக்கும் கூறே கிடையாது.

கம்பங்களுக்கு நடுவே மின்கம்பியைத் தொய்வாக விடுவதற்கும் இதுதான் காரணம். அங்கே பாரம் ஒரே இடத்தில் இல்லாமல் கம்பியின் சொந்த எடையாக நெடுகப் பரவியிருக்கிறது, ஆனாலும் சங்கதி அதேதான். குளிரில் உலோகம் சுருங்கித் தொய்வு குறைந்தால் இழுவிசை ஏறும், அதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டியே இடம் விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. முடிச்சுக்குப் பதில் வழுக்கி ஓடும் ஒரு வளையமோ கப்பியோ இருந்தால், உராய்வு இல்லை என்கிற பட்சத்தில், இரண்டு பக்கமும் ஒரே கயிறு, ஒரே இழுவிசை. பக்கவாட்டுக் கூறுகள் சமமாகும் இடம்வரை வளையம் நகர்ந்து, இரண்டு கோணங்களும் சமமான பிறகுதான் நிற்கும். அங்கே 30, 60 என்று வரவே வராது.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். அதே பெட்டி, முடிச்சு போட்டதுதான், ஆனால் கிடைமட்டத்தோடு இடக்கயிறு 45°, வலக்கயிறு 30°. இடத்தில் 88க்குப் பக்கத்திலும் வலத்தில் 72க்குப் பக்கத்திலும் வந்தால் சரி, இரண்டும் இடம் மாறி வந்தால் இரண்டு கோணங்களையும் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.